குமிழைத் திருகுமுன்: சிந்தசைசர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, "புதுசாக வந்திருக்கிறதே, அது நல்லதா?" என்ற ரகம். அவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் துறையில் புதுசு என்று வருவதில் பெரும்பகுதி பழைய சர்க்யூட்டுக்குத் தைத்த புதுச் சட்டை. 2010-இல் உள்ளங்கை அகலத்துக்கு வந்த கோர்க் மோனோட்ரானுக்குள் இருப்பது அதே நிறுவனத்தின் 1978-இன் எம்.எஸ்.-20-இல் இருந்த அதே வகை ஃபில்டர் (ஒலியின் கூர்மையை வெட்டும் பகுதி). அதனால் பெட்டி எந்த வருஷத்தது என்பதைவிட, எத்தனை குரல் (ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் ஒலிக்கும்), எத்தனை குமிழ், பின்பக்கம் என்னென்ன துளை என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பதில்களும் அந்தப் போக்கிலேயே இருக்கும்.

முதல் சிந்தசைசர் வாங்கப் போகிறேன். அனலாக்தான் அசல், டிஜிட்டல் எல்லாம் போலி என்கிறார்கள். கையிலிருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

அனலாகா டிஜிட்டலா என்பதை நாலாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, நீங்கள் கார்டு (ஒரே நேரத்தில் பல ஸ்வரம்) வாசிப்பீர்களா, மாட்டீர்களா?

மோனோ கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். 1970-இல் வந்த மினிமோக் அப்படிப்பட்டது. அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் மூன்றையும் ஒரே ஸ்வரத்தின் மேல் அடுக்கும். அதனால்தான் அதன் பேஸ் அவ்வளவு கனம். (பெயரை 'மூக்' என்று சொல்பவர்களே அதிகம். உருவாக்கிய ராபர்ட் மோக் 'மோக்' என்றுதான் சொல்லுவார்.) பாலி கருவியில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி ஆஸிலேட்டர், தனி ஃபில்டர், தனி என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுப்பது). அனலாகில் இதைச் செய்ய முழு சர்க்யூட்டையும் குரலுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். விலை ஏறுவது அங்கேதான். 1978-இன் ப்ராஃபெட்-5-க்கு ஐந்து குரல். ஐந்தே வருஷத்தில் யமஹா டி.எக்ஸ்.7 பதினாறு குரலோடு வந்து நின்றது, ஏனென்றால் அது டிஜிட்டல், ஒலியை எண் கணக்கால் உண்டாக்குவது. அதன் எஃப்.எம். முறையை (ஒரு அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டுவது) 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்தவர் ஜான் சௌனிங். மணி, கண்ணாடி, எலக்ட்ரிக் பியானோ போன்ற அந்த ஒலிகளை நிலையான சுருதியில் தர அன்றைய அனலாக் ஆஸிலேட்டர்களால் ஆகவில்லை. அதைப் போலி என்பவர் டி.எக்ஸ்.7-ஐக் கேட்டதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் 'பாராஃபோனிக்' என்று போட்டிருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பல ஸ்வரங்கள் ஒலிக்கும், ஆனால் எல்லாம் ஒரே ஃபில்டர் வழியாகத்தான் வெளியே வரும். ஆர்டூரியா மைக்ரோஃப்ரீக் (2019) அந்த வகை. டிஜிட்டல் ஆஸிலேட்டர், அனலாக் ஃபில்டர், நான்கு ஸ்வரம் வரை. அதன் கீபோர்டு அமுங்காது. தொட்டால் உணரும் தட்டையான தகடு. பியானோ பழகிய கைக்கு எரிச்சலாக இருக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் முதல் கருவியாக எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது நான்கு குரல், வேலைக்கு ஒரு குமிழ், மெனுவுக்குள் அதிகம் நுழைய வைக்காத ஒன்று. கோர்க் மினிலாக் (2016) இன்றும் நல்ல உதாரணம். அதன் சின்னத் திரையில் ஆஸிலோஸ்கோப் ஓடும். ஃபில்டரை மூட மூட ரம்பப் பல் போன்ற அலை உருண்டையாவதைக் கண்ணால் பார்க்கலாம். நான் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதை அந்தத் திரை அரை நிமிடத்தில் விளக்கிவிடும்.

லேப்டாப்பில் எல்லா சிந்தசைசரும் மென்பொருளாகவே இருக்கிறதே. பிறகு எதற்கு இந்தப் பெட்டிகள்?

லேப்டாப்பில் திருப்தியாக வேலை நடக்கிறதென்றால் வாங்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பாட்டை மூடிவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எல்லாம் விட்ட இடத்திலேயே இருப்பது மென்பொருளில் மட்டும்தான். பெட்டியின் பலம் வேறு. சுவிட்சைப் போட்டதும் ஒலிக்கும். ஃபில்டர் குமிழ் எங்கே என்று கண் தேடாமல் கை போகும். பத்து வருஷம் கழித்து இயங்குதளம் மாறிவிட்டது என்று கைவிரிக்காது. இந்த மூன்றும் தேவையில்லாதவருக்கு அது மேசையை அடைக்கும் சாமான்தான்.

சிந்தசைசரை யூ.எஸ்.பி.யில் கணினியோடு இணைத்ததும் ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம். மவுஸை நகர்த்தினால் சத்தமும் மாறுகிறது. கருவி பழுதா?

பழுதில்லை. இது கிரவுண்ட் லூப். கருவிக்கும் கணினிக்கும் யூ.எஸ்.பி. கேபிள் வழியாக ஒரு கிரவுண்ட் தொடர்பு; ஆடியோ கேபிள் வழியாக மிக்சருக்கும் அங்கிருந்து சுற்றிக் கணினிக்குமாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் வளையம். கணினிக்குள் ஓடும் சில்லறை மின்னோட்டங்கள் அந்த வளையத்தில் புகுந்துவிடும். சின்னக் கருவிகளின் அவுட்புட் பெரும்பாலும் அன்பேலன்ஸ்ட். அதில் கிரவுண்டும் சிக்னலின் பாதிதான், அதனால் புகுந்தது எல்லாம் காதில் விழுகிறது.

முதலில் சோதனை. யூ.எஸ்.பி. கேபிளைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் சந்தேகமே இல்லை. மறுபடி செருகி, லேப்டாப் சார்ஜரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இப்போது நின்றால் குற்றவாளி சார்ஜர். பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். கீச்சொலிக்குப் பதில் தாழ்ந்த 'ம்ம்ம்' கேட்டால் அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்வழி ஹம். அதற்கு எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்க வைத்துப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

தீர்வுகளில் எனக்குப் பிடித்தது பழசு. கருவியில் ஐந்து முனை மிடி துளை (கருவிகள் ஒன்றுக்கொன்று வாசிப்புச் செய்தி அனுப்பும் வழி) இருந்தால் யூ.எஸ்.பி.யை விட்டுவிட்டு அதில் இணையுங்கள். மிடி உள்ளே வரும் இடத்தில் ஆப்டோ-ஐசொலேட்டர் ஒன்று இருக்கும். செய்தி ஒளியாகக் கடக்கும், மின் தொடர்பு கிடையாது. 1983-இல் அந்த நெறிமுறையை வகுத்தவர்கள் இந்த வளையத்தை அப்போதே யோசித்திருக்கிறார்கள். யூ.எஸ்.பி. வந்ததும் அந்தப் புத்தியை நாம் மறந்துவிட்டோம்.

அந்தத் துளை இல்லையென்றால் யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் வாங்கலாம். 12 மெகாபிட் வேகமுள்ளது மிடிக்குத் தாராளம். அதே கேபிளில் பல சேனல் ஆடியோவும் எடுப்பவர்கள் அதிவேக வகை கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே சிக்னலை பேலன்ஸ்ட் ஆக்கித் தரும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி. வெறும் பேலன்ஸ்ட் கேபிள் மட்டும் வாங்கி மாட்டிப் பயனில்லை. கருவியின் அவுட்புட்டே அன்பேலன்ஸ்ட் என்றால் கேபிள் என்ன செய்யும்?

பிளக்கின் எர்த் முனையை ஒடித்துவிட்டால் ஹம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹம் நிற்கும்தான். ஏதாவது ஒரு கருவியில் கசிவு வந்த அன்று அந்த மின்சாரம் உங்கள் வழியாகப் போகும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். கித்தார் பெடலின் 9 வோல்ட் அடாப்டரை வோல்காவில் (கோர்க்கின் சின்னக் கருவி வரிசை) செருக வேண்டாம். பெடல்களில் வழக்கமாக நடுமுனை மைனஸ். வோல்காவில் நடுமுனை பிளஸ்.

அனலாக் சிந்தசைசரைப் போட்டதும் சுருதி சேரவில்லை. இருபது நிமிடம் கழித்துச் சரியாகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். வோல்டேஜை ஸ்வரமாக மாற்றும் டிரான்சிஸ்டருக்கு வெப்பம் ஒத்துக்கொள்ளாது. ஒரு டிகிரி ஏறினால் அதன் அளவுகோல் சுமார் 0.33 சதவீதம் நகரும். ஈடுகட்டும் ஏற்பாடு இல்லையென்றால் மூன்று ஆக்டேவ் தாண்டும்போது ஏறக்குறைய 12 சென்ட் பிசகு, அதாவது அரைஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு. தயாரிப்பாளர்கள் வெப்பத்துக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டர் வைத்து ஈடுகட்டுகிறார்கள். உட்புறம் சூடேறி நிலைக்கும்வரை அதுவும் தடுமாறும். முதலில் சுவிட்சைப் போடுங்கள், பிறகு தேநீர். ஆட்டோ-ட்யூன் பொத்தான் இருந்தால் தேநீருக்கு அப்புறம் அழுத்துங்கள்; முன்னாலேயே அழுத்தினால் மறுபடியும் நகர்ந்துவிடும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு டி.சி.ஓ. வகை. ரோலண்ட் ஜூனோ-60 (1982) அப்படித்தான். அலை அனலாக், அதன் வேகத்தை மட்டும் டிஜிட்டல் கடிகாரம் பிடித்து வைத்திருக்கும்.

புதுக் கருவியில் 3.5 மி.மீ. மிடி துளைதான் இருக்கிறது. அடாப்டர் கேபிள் வாங்கி இணைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். அந்தத் துளைக்கு டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வயரிங் உண்டு. 2018-இல் ஏ-தான் தரம் என்று முடிவானது. அதற்கு முன்னால் வந்த சில பெட்டிகள் பி. கேபிளை மாற்றிப் பாருங்கள். தவறாகச் செருகியதால் பொதுவாக ஒன்றும் கெட்டுப்போகாது. அடுத்தது சேனல். மிடியில் 16 உண்டு. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். மூன்றாவது சற்றுக் கூச்சமான விஷயம். மிடி கேபிளில் ஒலி வராது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற எண்கள்தான் போகும். ஒலிக்குத் தனி கேபிள் வேண்டும். இதைக் கேட்கும் கடிதம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

தாளம் ஒத்துப்போக மறுப்பதும் பெரும்பாலும் எண் விவகாரம். மிடி கடிகாரம் ஒரு தாள அடிக்கு (குவாட்டர் நோட்) 24 தட்டு தட்டும். வோல்காவின் சிங்க் துளை (தாளத்தை மட்டும் அனுப்புவது) இரண்டே தட்டு. நான்கு எதிர்பார்க்கும் கருவியில் அதைக் கொடுத்தால் பாதி வேகத்தில்தான் ஓடும். செட்டிங்கில் எண்ணை மாற்றினால் போதும்.

மாட்யூல் மாட்யூலாக வாங்கிக் கோக்கும் யூரோராக் ஆரம்பிக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

பவர் சப்ளையிலிருந்து. யாருக்கும் பிடிக்காத பதில், தெரியும்.

1990-களின் நடுவில் டீட்டர் டோப்ஃபர் தன் ஏ-100 வரிசையோடு கொண்டுவந்த அளவுகள்தான் இன்றும். உயரம் 128.5 மி.மீ., அகலம் ஹெச்.பி. கணக்கில், ஒரு ஹெச்.பி. 5.08 மி.மீ. மின்சாரம் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட். சிலவற்றுக்கு 5 வோல்ட்டும் வேண்டும். ஒவ்வொரு மாட்யூலும் இந்த மூன்றிலும் எத்தனை மில்லிஆம்பியர் எடுக்கும் என்று தயாரிப்பாளர் போட்டிருப்பார். மூன்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். சப்ளையின் திறனில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கும் கணத்தில் சில மாட்யூல்கள் கூடுதலாக இழுக்கும்.

மாட்யூலுக்கு மின்சாரம் தரும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம். என் முதல் மாட்யூலை அவசரத்தில் தலைகீழாகச் செருகினேன். எரிந்த ஐ.சி.யின் வாசனை ஒரு வாரம் அறையை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து செருகிய பின் கையை எடுத்துவிட்டு, இரண்டு முறை பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

முதல் தொகுப்பு சின்னதாக இருக்கட்டும். ஒரு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒலியளவை ஆளும் வி.சி.ஏ. ஒன்று, இரண்டு என்வலப், மெதுவாக அலைந்து மற்றவற்றை ஆட்டும் எல்.எஃப்.ஓ. ஒன்று. ஆஸிலேட்டருக்கு மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ப்ளெய்ட்ஸைப் பார்க்கலாம். நிறுவனம் மூடப்பட்டுவிட்டாலும் வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால் மற்றவர்கள் செய்து விற்கிறார்கள். பழைய எம்.எஸ்.-20-ஐ இதோடு கோக்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். யூரோராக்கில் ஆக்டேவுக்கு 1 வோல்ட், எம்.எஸ்.-20 ஹெர்ட்ஸ்-வோல்ட் முறை, அதாவது ஆக்டேவுக்கு ஆக்டேவ் வோல்டேஜ் இரட்டிக்கும். நடுவே மாற்றிக் கொடுக்கும் மாட்யூல் இல்லாமல் சுருதி சேராது.

எண்பதுகளின் சிந்தசைசர் ஒன்று பழசாகக் கிடைக்கிறது. நேரில் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

மூடியைத் திறக்க விடுவாரா என்று கேளுங்கள். விடமாட்டார் என்றால் கிளம்பிவிடுங்கள். கோர்க் பாலிசிக்ஸில் இருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து பலகையின் தாமிரக் கோடுகளைத் தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதுசு. ஜூனோ-106-இல் ஆறு குரல், குரலுக்கு ஒரு பிசின் பூசிய சிப், அவை சாவது வழக்கம். ஒரே கட்டையை மெதுவாக ஆறு ஏழு முறை தட்டுங்கள். கருவி குரல்களை மாற்றி மாற்றிக் கொடுக்கும். ஆறில் ஒன்று மட்டும் மௌனமாகவோ கரகரப்பாகவோ வந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். டி.எக்ஸ்.7 என்றால் உள்ளே நினைவுக்கான பேட்டரி உண்டு. மாற்றுமுன் ஒலிகளை சிஸ்எக்ஸ் (கருவியின் உள் தகவலை அனுப்பும் மிடி செய்தி) வழியாகக் கணினியில் எடுத்து வையுங்கள்.

பன்னிரண்டு ஸ்வரத்துக்கு இடைப்பட்ட சுருதிகள் வேண்டும். ஹார்டுவேரில் முடியுமா?

முடியும். கோர்க் மோனோலாக்கில் (2017) நீங்களே ஸ்கேல் எழுதிச் சேமிக்கலாம். ஒவ்வொரு கட்டையையும் சென்ட் கணக்கில் நகர்த்தலாம். இயற்கை மூன்றாம் ஸ்வரம் 386 சென்ட். சாதாரணக் கீபோர்டில் அது 400. அந்தப் பதினான்கைக் குறைத்துவிட்டு கார்டைப் பிடித்தால் ஸ்வரங்கள் உரசும் துடிப்பு அடங்குவது தெளிவாகக் கேட்கும், ஆனால் மோனோலாக் ஒற்றை ஸ்வரக் கருவி. கார்டு வேண்டுமென்றால் மினிலாக் எக்ஸ்.டி.

எட்டு வயது மகளுக்கு ஏதாவது ஒலிப் பெட்டி?

டீனேஜ் எஞ்ஜினியரிங்கின் பாக்கெட் ஆப்பரேட்டர். கால்குலேட்டர் அளவு, இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரி. பதினாறு பொத்தானில் தாளம் போட முதல் நாளே கற்றுக்கொள்வாள். உறை தனியாக விற்பார்கள், வாங்கிவிடுங்கள். சர்க்யூட் பலகை திறந்தே கிடக்கும். சிங்க் முறையில் போட்டுவிட்டால் ஒரு பக்கக் காதில் 'டிக் டிக்' என்றுதான் கேட்கும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டிய தாளக் குறி.