312-ஆவது கொக்கு

கேள்வி: என் அக்கா புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானிய நம்பிக்கை என்று தோழி சொல்ல, மடிக்கத் தொடங்கினேன். 312-இல் கை ஓய்ந்துவிட்டது. எனக்கு இதில் நம்பிக்கையும் இல்லை. ஆனால் பாதியில் விட்டால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நம்பிக்கை இல்லை, பயம் மட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயிரம் என்ற எண்ணை நீங்கள் அக்காவின் உயிருக்குப் பேசிய விலையாக எடுத்துக்கொண்டதால் வந்த பயம் அது. அந்த எண்ணுக்கு அப்படி ஒரு பொருள் இல்லை. கொக்கு ஆயிரம் ஆண்டு வாழும், ஆமை பத்தாயிரம் ஆண்டு வாழும் என்பது ஜப்பானியப் பழமொழி. நோயாளிக்கு நீண்ட ஆயுளை வாழ்த்தத்தான் 'செம்பாசுரு' எனப்படும் ஆயிரம் கொக்குச் சரத்தைக் கொடுக்கிறார்கள். அதையும் பெரும்பாலும் வகுப்புத் தோழர்களோ உடன் வேலை செய்பவர்களோ பங்கு போட்டுக்கொண்டு மடிப்பார்கள். நீங்கள் தனி ஆளாகச் சுமந்திருக்கிறீர்கள். கை ஓய்ந்ததில் வியப்பில்லை.

உங்கள் தோழி சொன்னதன் பின்னால் இருக்கும் சிறுமி ஹிரோஷிமாவின் சடகோ சசாகி. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோயுடன் மருத்துவமனையில் சேர்ந்தாள். ஆகஸ்டில் நகோயா நகர மாணவர்கள் அங்கிருந்த நோயாளிகளுக்கு அனுப்பிய வண்ணக் கொக்குகளைப் பார்த்துத் தானும் மடிக்கத் தொடங்கினாள். 644-உடன் இறந்துவிட்டாள், மீதியைத் தோழிகள் முடித்தார்கள் என்பது ஒரு நாவல் வழியாகப் பரவிய கதை. உண்மையில் அவள் ஆயிரத்தைத் தாண்டினாள். தாண்டிய பிறகும் நிறுத்தவில்லை. மருந்து சுற்றிவந்த தாளைக்கூட விடாமல், விரலுக்கு அடங்காத சிறு துண்டுகளை ஊசி முனையால் மடித்தாள். அக்டோபர் 25 அன்று, 12 வயதில், இறந்துபோனாள்.

இதை உங்களைக் கலங்க வைக்கச் சொல்லவில்லை. கொக்குகள் அவளைக் குணப்படுத்தவில்லை. எண்ணிக்கை குறைந்ததால் அவள் இறக்கவுமில்லை. அது மட்டும் உறுதியானால் உங்கள் பயத்துக்குக் காலூன்ற இடமில்லை. ஆயிரம் முடிந்த பிறகும் ஒரு குழந்தை ஏன் மடித்துக்கொண்டே இருந்தாள் என்ற கேள்விக்குத்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் பிறருக்கு நீட்டிக்கொண்டே இருந்த கைகளுக்கு, தாமாகச் செய்ய ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்பது என் ஊகம். உங்கள் அக்காவுக்கும் அப்படி ஒன்று தேவைப்படலாம்.

ஆகவே இதை அக்காவுக்குத் தெரியாமல் முடித்து வியப்பூட்டும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிட்டு, தாள்களை அவரிடமே எடுத்துச் செல்லுங்கள். கீமோவால் சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகும். ஏழரை சென்டிமீட்டர் தாள் வேண்டாம், பதினைந்து சென்டிமீட்டர் தாள் பிடிக்க எளிது. சதுரத்தை மடித்து மடித்து ஒடுக்கி, கழுத்தை உள்ளே திருப்பி மேலே இழுத்து, கடைசியில் தலையை ஒரு கிள்ளுக் கிள்ளிக் கவிழ்க்கும் இடம் இருக்கிறதே, அதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். அவருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வாருங்கள். வார்டில் தொங்கவிட அனுமதி உண்டா என்று செவிலியரிடம் முதலில் கேளுங்கள். தூசு சேரும் பொருள் அங்கே ஆகாமல் போகலாம்.

மடித்த 312-ஐ என்ன செய்வது என்றால், வழக்கமாக ஒரு சரத்துக்கு 40 வீதம் 25 சரங்கள் கோப்பார்கள். உங்களிடம் ஏழு சரம் முழுதாக வரும். எட்டாவதில் 32 இருக்கும். மீதி எட்டை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மடியுங்கள். ஒன்பதாவது சரம் வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.