பழைய சைக்கிளின் குறைகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 69 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு மறுபடி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். என் வயதுக்காரர்கள் சிலர் சேர்ந்து காலையில் ஓட்டுகிறோம். ஓட்டி முடித்து உட்கார்ந்ததும் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அவரவரின் முதல் சைக்கிளில்தான் போய் நிற்கும். யார் வண்டியில் என்ன இருந்தது, யார் எங்கே விழுந்தார்கள் என்று நேரம் போவதே தெரியாது.

என் மகனும் சில நாட்கள் எங்களோடு வருவான். போன வாரம் அவன் கேட்டான்: "அப்பா, அது 20 கிலோ இரும்பு. மழையில் பிரேக் பிடிக்காது. கியர் கிடையாது. அதில் எதுதான் நன்றாக இருந்தது? உங்களுக்கு வயசு குறைவாக இருந்தது, அவ்வளவுதான்." எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் நினைவு எங்களையே ஏமாற்றுகிறதா?

எங்கள் குழுவில் ஒரு தோழி இருக்கிறார். ஐம்பது வயதுக்கு மேல்தான் சைக்கிள் கற்றார். இந்தப் பேச்சு தொடங்கியதும் "எனக்குச் சொல்ல எதுவும் இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார். அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. என் அப்பாவின் வண்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது அதில்தான். பல வருடங்களாக யாரும் தொடவில்லை. அதைச் சரிசெய்து ஓட்டலாமா, அல்லது அது வெறும் ஆசையா?

அன்புடன்,
ரா.

*

அன்புள்ள ரா.,

உங்கள் மகன் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. முதலில் அதை மனதார ஒத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மேலே பேச முடியும்.

28 அங்குலச் சக்கரம், முழு செயின் கவர், இரும்பு மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்த அந்தக் கால வண்டி 20 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இன்றைய சாதாரண அலுமினிய வண்டி 12 முதல் 14 கிலோ. பிரேக்கைப் பற்றியும் அவர் மிகைப்படுத்தவில்லை. லீவரை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் ரப்பர் கட்டையை மேலே இழுத்து ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். ரிம் குரோமியம் பூசிய எஃகு. காய்ந்திருக்கும்வரை சமாளிக்கலாம். நனைந்துவிட்டால் கட்டை பளபளப்பில் வழுக்கிக்கொண்டே போகும். அலுமினிய ரிம் வந்த பிறகுதான் மழையில் நம்பி ஓட்ட முடிந்தது.

வயதைப் பற்றிச் சொன்னதும் சரிதான். மூத்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வருகின்றன என்று உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. முதல் சைக்கிள் அந்த வயதின் வாசலில் வருகிறது. ஒருவர் வீட்டாரின் துணையில்லாமல் கண் மறையும் தூரத்துக்குப் போவதே பெரும்பாலும் அதில்தான்.

சரி, அப்படியானால் உங்கள் குழுவின் பேச்சு வெறும் ஏக்கமா? இல்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். யாராவது "அந்த வண்டி மாதிரி வருமா" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பேச்சு அங்கேயே தேங்கிவிடும். அதற்குமேல் சொல்ல எதுவும் இருக்காது. அதே ஆள் காட்டர் பின் தேய்ந்த கதையை எடுக்கட்டும், மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். ஆளுக்கொரு கதை கிளம்பும்.

பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கை அச்சோடு பிணைக்கும் அந்த ஆப்பு வடிவப் பின் தளர்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பெடல் 'டக்' என்று சற்று நழுவும். காது கேட்பதற்கு முன் பாதத்துக்குத் தெரிந்துவிடும். அதை அனுபவித்தவர் இன்றும் அந்த இடத்தைக் காலை அசைத்துக் காட்டுவார். வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் வால்ட்யூப் இற்றுப்போனால் பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் வண்டியில் செயின் கழன்றால் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். இறக்கத்தில் அப்படி ஆனவர் செருப்பால் நிறுத்தியதை விலாவாரியாகச் சொல்வார்.

டைனமோவை நான் மறக்கவே மாட்டேன். 6 வோல்ட், 3 வாட். டயரின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு சுழலும். வேகமாகப் போனால் வெளிச்சம், மெதுவாகப் போனால் மஞ்சள் புள்ளி, நின்றால் இருட்டு. பள்ளம் இருக்கும் என்ற பயத்தில் வேகத்தைக் குறைத்தால் பள்ளம் தெரியாது. தெரிய வேண்டுமானால் அதை நோக்கி வேகமாக மிதிக்க வேண்டும். அந்தப் பயம் இப்போதும் என் முழங்காலில் இருக்கிறது. இன்றைய பேட்டரி விளக்கு எல்லா வகையிலும் மேலானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓட்டிய எந்த இரவையும் என்னால் தனியாகப் பிரித்து நினைவுகூர முடியவில்லை.

கியர் வைத்த வண்டிக்காரர்களிடமும் கேளுங்கள். பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் பல்சக்கரங்களை அடைத்த மூன்று கியர் முறையில், பிரிட்டனின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த வகை உலகமெங்கும் பரவியது. நடுக்கியர் நேர் ஓட்டம். கீழ்க்கியர் அதைவிடக் கால் பங்கு குறைவு, மேல்கியர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த அமைப்பில் கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அது வாய்த்தால், பெடல் வெறுமனே கீழே போகும், ஓட்டுபவர் சீட்டுக்கு முன்னால் இருக்கும் பார் மேல் வந்து விழுவார். அப்படி விழுந்தவருக்குக் கேபிளைச் சரியாக முறுக்குவது எப்படி என்பதை யாரும் இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியிருக்காது. ரேஸ் வண்டிகளில் இது வேறு மாதிரி. 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் ஒவ்வொரு கியருக்கும் 'கிளிக்' என்று நிற்கும் முறையைக் கொண்டுவந்து அது பரவும்வரை, லீவரை எவ்வளவு தள்ளினால் செயின் அடுத்த பல்சக்கரத்தில் ஏறும் என்பதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். செயின் உரசும் சத்தம் அடங்கினால் கியர் விழுந்துவிட்டது என்று பொருள்.

நான் சொல்ல வருவது இதுதான். உங்களுக்கு அந்த வண்டி இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருப்பது அதன் குறைகளால். நன்றாக வேலை செய்யும் பொருள் நம் கவனத்தைக் கேட்பதில்லை. பழுதாகிக்கொண்டே இருந்த அந்த வண்டி உங்கள் காதையும் பாதத்தையும் உள்ளங்கையையும் விழிப்பிலேயே வைத்திருந்தது. ஒரு பிள்ளை ஸ்பானரைக் கையில் எடுத்து, பால்ரஸ் குண்டுகள் தரையில் சிதறி ஓட, மறுபடி கிரீஸில் பதித்து மாட்டி, வண்டி ஓடுவதைக் கண்டால், அது வாழ்நாளுக்கும் போதுமான கல்வி. நினைவு ஏமாற்றுவதெல்லாம் புகழும்போதுதான். குறைகளைச் சொல்லும்போது அது பெரும்பாலும் கறாராகத்தான் இருக்கிறது.

இது உங்கள் குழுவுக்கு மட்டும் உரிய விஷயமில்லை. இத்தாலியில் டஸ்கனியின் காயோலே என்ற ஊரில் 1997 முதல் 'லெரோய்கா' என்ற ஓட்டம் நடக்கிறது. தார் போடாத வெள்ளை மண்சாலைகள், பழைய ரேஸ் வண்டிகள். 1987க்கு முந்தைய வண்டியாக இருக்க வேண்டும் என்பது விதி. கியர் லீவர் சட்டத்தின் சாய்வுக்குழாயில் இருக்க வேண்டும், அதாவது கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். பெடலில் பாதத்தை வாரால் இறுக்கும் கூண்டு வேண்டும். பிரேக் கேபிள் வெளியே வளைந்து தெரிய வேண்டும். எதெல்லாம் பிற்பாடு திருத்தப்பட்டதோ அதையெல்லாம் திரும்பக் கேட்கிறார்கள். அந்த விதிகளை எழுதியவர்களுக்குச் சைக்கிள்காரர்களின் மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு உதாரணம் ராலே சாப்பர். 1970களில் பிரிட்டனில் பிள்ளைகள் ஏங்கிய வண்டி. முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரிய சக்கரம், நீண்ட சீட், பார் மேல் கார் கியர் போல ஒரு லீவர். எடை பின்பக்கம் குவிந்ததால் முன்சக்கரம் சுலபமாகத் தூக்கிக்கொள்ளும். அந்த லீவர் எந்த இடத்தில் இடிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2004இல் மறுபடி தயாரித்தபோது லீவரை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். 2023இல் மீண்டும் கொண்டுவந்தபோது அது பார் மேலேயே திரும்பி வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எந்தக் குறையைத் தேடுவார்கள் என்பது தயாரித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஆகவே மகனிடம் "அது நல்ல வண்டி" என்று வாதாட வேண்டாம். என்னென்ன கெட்டுப்போனது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் கேட்பார்.

இப்போது உங்கள் தோழி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அந்த வரிகள்தான். அண்ணனுக்குக் கிடைத்த சைக்கிள் தங்கைக்குக் கிடைக்காத வீடுகள் உலகத்தில் ஏராளம். அந்த இழப்பை நீங்கள் யாரும் பேச்சில் கொண்டுவராவிட்டால் அவர் ஒதுங்கத்தான் செய்வார். ஆனால் சொல்ல எதுவும் இல்லை என்று அவர் நினைப்பது தவறு. உங்கள் கூட்டத்திலேயே சொல்வதற்கு அதிகம் இருப்பது அவரிடம்தான்.

ஏழு வயதில் கற்றவர்களுக்கு எப்படிக் கற்றோம் என்று தெரியாது. சோதித்துப் பாருங்கள்: ஓடும் சைக்கிளை இடதுபக்கம் திருப்ப முதலில் என்ன செய்வீர்கள்? ஹேண்டில்பாரை ஒரு கணம் வலதுபக்கம் அசைக்கிறோம், அதனால் வண்டி இடதுபக்கம் சாய்கிறது, பிறகுதான் திரும்புகிறது. விமானம் செய்வதற்கு முன்னால் தம்பியோடு சேர்ந்து சைக்கிள் செய்து விற்ற வில்பர் ரைட் இதைக் கவனித்திருந்தார். ஓட்டுபவர்களைக் கேட்டபோது யாரும் முழுமையாகச் சொல்லவில்லை என்றும் பதிந்திருக்கிறார். தினமும் செய்வதுதான், ஆனாலும் சொல்லத் தெரியாது.

வயது வந்தபின் கற்றவர் அந்த ஒவ்வொரு படியையும் விழித்த கண்ணோடு கடந்திருக்கிறார். அமெரிக்காவின் பெண் உரிமைப் போராளி பிரான்சிஸ் வில்லர்ட் 53 வயதில் சைக்கிள் கற்றார். தினமும் சிறிது நேரம், சுமார் மூன்று மாதங்கள். வண்டிக்கு கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். பிறகு அந்த அனுபவத்தை 1895இல் புத்தகமாகவே எழுதினார். யார் பிடித்துக்கொண்டார்கள், எங்கே தள்ளாடியது, எந்தப் பயம் எப்போது விட்டது என்று அவ்வளவும் சொல்ல அவரால் முடிந்தது. சாய்கிற பக்கமே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும் என்பது உடம்பின் இயல்புக்கு நேர் எதிர். அந்த எதிர்ப்பை வென்ற நாள் உங்கள் தோழிக்கு நிச்சயம் நினைவிருக்கும். "உங்கள் முதல் சைக்கிள் எது" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "முதல் முறை பிடித்தவர் கையை விட்டது உங்களுக்குத் தெரிந்ததா" என்று கேளுங்கள். அப்புறம் குறுக்கே பேசாமல் இருங்கள்.

அப்பாவின் வண்டியைத் தாராளமாகச் சரிசெய்யலாம். எஃகுச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. முன் ஃபோர்க் வளைந்திருக்கிறதா, இணைப்புகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியதே. டயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது கவனம் தேவை: '28 அங்குலம்' என்ற பெயரில் 635 மி.மீ. ரிம்முக்கானதும் 622 மி.மீ. ரிம்முக்கானதும் விற்கிறார்கள், ஒன்று மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் இருப்பதை எழுதிக்கொண்டு போங்கள். பிரேக் கட்டைகள் இத்தனை வருடத்தில் இறுகிப்போயிருக்கும், புதியது போடுங்கள். மழைநாளில் மட்டும் அந்த வண்டியை எடுக்கவே வேண்டாம்.

காட்டர் பின்னைச் சும்மா சுத்தியலால் அடிக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை விட்டுச் சில நாள் பொறுங்கள். பிறகு கிராங்குக்கு அடியில் உறுதியான முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் அடி முழுவதும் பால்ரஸ் மேல் இறங்கும். சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். மற்றதை மகனோடு சேர்ந்து செய்யுங்கள். ஸ்பானர் அவர் கையில் இருக்கட்டும்.

உயரமான பாரைத் தாண்டிக் காலைப் போடுவது இப்போது உங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். வண்டியை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டு காலைப் போட்டு, பிறகு நிமிர்த்துங்கள். முதல் நாள் சீட்டை நன்றாக இறக்கி வையுங்கள், இரண்டு பாதமும் தரையில் படட்டும்.