கணினி அதிகம் தெரியாதவர் லினக்ஸை எங்கிருந்து தொடங்கலாம்?

வேர்டும் யூடியூபும் தாண்டி எதுவும் தெரியாது, லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் மென்பொருள்) பழக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன், புரோகிராமிங் இன்றுவரை ஒரு வரி தெரியாது. வீட்டில் ஆறு வருடமாக லினக்ஸ்தான்.

லினக்ஸில் பல வகை உண்டு. லினக்ஸ் மிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவா, ஃபெடோராவா என்று வீடியோ பார்க்க உட்கார்ந்தால் ஒரு மாதம் போய்விடும். மிண்டில் இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகிய கை தானாகப் போகும். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் என்றால் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற லேசான பதிப்பு, மற்றபடி சின்னமன் (Cinnamon) பதிப்பு.

ஆனால் உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மிண்ட் தளத்தில் கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பை (மிண்ட் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) எட்சர் (Etcher) என்ற இலவச மென்பொருளால் அதில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்து போட்டால் வேலைக்கு ஆகாது. பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி பெயர் திரையில் வரும்போதே எஃப்12 பட்டனைத் தட்டுங்கள் (சில லேப்டாப்பில் எஃப்9 அல்லது எஸ்கேப்). வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மிண்ட் அதிலிருந்தே ஓடும். நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காதவரை விண்டோஸ் அப்படியே இருக்கும். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஒரு வாரம் வைஃபை, சத்தம், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள்.

இவ்வளவு நிதானம் எனக்கு அன்று இல்லை. முதல் நாளே இன்ஸ்டால் கொடுத்தேன். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு', 'டிஸ்கை அழித்து நிறுவு' என்று இரண்டு வழி காட்டியது. சரி, சுத்தமாக இருக்கட்டுமே என்று இரண்டாவதைத் தட்டினேன். மகளின் காதுகுத்துப் படங்கள் அந்த டிஸ்கில்தான் இருந்தன. மச்சான் போனில் இருந்த பதினேழு படங்கள்தான் மிச்சம். அதனால், முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள்.

அப்புறம், மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. என் மனைவி முதல் வாரம் வீடியோ பார்க்க விஎல்சி வேண்டுமென்று கூகுளில் தேடி, .இஎக்ஸ்இ கோப்பை இறக்கி, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "உங்க லினக்ஸ் ஓடலைங்க" என்றாள். அது விண்டோஸ் கோப்பு. மிண்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்று ஒன்று இருக்கிறது, போனில் பிளே ஸ்டோர் மாதிரி. பெயரைத் தேடி இன்ஸ்டால் கொடுத்தால் முடிந்தது. டெர்மினல் என்ற, கட்டளைகளைத் தட்டச்சும் கருப்புத் திரையை நினைத்துப் பயப்பட வேண்டாம். நான் அதைத் திறப்பது மாதத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம்.

தமிழில் தட்டச்ச, அதே சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே உண்டு. வேர்டு, எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ் கூடவே வரும். சாதாரணக் கடிதத்துக்கும் கணக்குக்கும் குறையில்லை.

கடைக் கணக்கு எழுதும் டேலி மென்பொருள் மட்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. என் பிழைப்பே அதில்தான் என்பதால் கடைக் கணினியில் இன்னும் விண்டோஸ்தான். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் மிண்டைப் போடுங்கள். கணினியைப் போடும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.