துவக்கில் எதற்கு ஓட்டை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன மாதம் நீங்கள் போட்ட காவற்பரண் கதையை வாசித்தேன். கிழவர் பன்றிக்குச் சுடும்போது தோட்டா பிளந்து, துவக்கின் பக்கத்து ஓட்டையால் நெருப்பு அடித்து, கை மட்டும் சுட்டு முகம் தப்பிவிடுகிறது. இது நம்பும்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் கெடெற்றில் இருந்தபோது 303 ரைபிளைத் துடைத்திருக்கிறேன். தோட்டாவைப் பின்னாலிருந்து மூடுகிற இரும்புத் தண்டு, அதுதான் போல்ட், அதன் தலையில் சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. எண்ணெய் விடுவதற்கு என்றுதான் சொன்னார்கள். அவ்வளவு வலுவான இரும்பில் ஓட்டை போட்டால் பலவீனம் இல்லையா? நல்ல துவக்கு என்றால் வாயு வெளியே வராமல் மூடித்தானே இருக்க வேண்டும்? நான் இப்போது நெல் மில்லில் வேலை. மாமாவிடம் வயற்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஈய உருண்டைகள் சிதறிப் பாயும் ஒரு பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு இருக்கிறது. அதனாலும் கேட்கிறேன்.

ர., சம்மாந்துறை

அன்புள்ள தம்பி,

அந்த ஓட்டை எண்ணெய்க்கு இல்லை. தவறிப்போன வாயு வெளியே போவதற்கென்றே போட்டது. கதையில் கிழவரின் முகம் தப்பியதும் அதனால்தான், அந்த இடத்தை மாற்ற மாட்டேன்.

துவக்கை மூடிவைத்திருப்பது இரும்புதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். இரும்பு பாரத்தைத் தாங்குகிறது, ஆனால் வாயுவை அடைப்பது அந்த மெல்லிய பித்தளைக் கோதுதான். வெடிமருந்து எரியும்போது 303 தோட்டாவுக்குள் நாம் மூச்சுவிடும் காற்றைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் எழும்புகிறது, அந்த நொடியில் கோது உப்பி, தோட்டா இருக்கும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் வாயுவுக்குப் பின்னால் வர வழியில்லை, சன்னத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால்தான் போகவேண்டும். அழுத்தம் இறங்கியதும் கோது கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும், அதனால்தான் போல்ட்டை இழுத்தால் இலகுவாகக் கழன்று வருகிறது. நீ கெடெற்றில் வெற்றுக் கோதைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரியும், வாய்ப்பக்கம் எவ்வளவு மெல்லியது என்று.

சரி, அந்தக் கோது பழசாகி வெடித்தால்? அல்லது விசையை இழுத்ததும் தோட்டாவின் அடியில் குத்துகிற ஊசி, மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியைத் துளைத்துவிட்டால்? அல்லது துவக்கு தேய்ந்து, கோதின் அடிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடி, அடிப்பக்கம் அறுந்துவிட்டால்? வாயு பின்னால் வரும், அதில் உருகிய பித்தளைத் துகளும் சேர்ந்திருக்கும். போல்ட்டுக்குள் ஊசி ஓடுகிற குழாய் ஒன்று இருக்கிறதே, அதுதான் அதற்குக் கிடைக்கிற முதல் வழி. அந்தக் குழாயின் மறுமுனைக்கு நேரே இருப்பது சுடுபவனின் கன்னமும் கண்ணும். நீ சொன்னமாதிரி எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டால் வாயு நின்றுவிடாது தம்பி, எது பலவீனமோ அதை உடைத்துக்கொண்டுதான் வரும்.

ஜெர்மன் மௌசர் ரைபிளின் 1898ஆம் ஆண்டு மாதிரியில் இதற்குச் செய்திருக்கிற வேலையைப் பார்த்தால் எனக்கு அதைச் செய்த பால் மௌசர்மேல் மரியாதை வருகிறது. போல்ட்டின் உடம்பில் நீள்வட்டமாக இரண்டு துளைகள். ஊசிக் குழாய்க்குள் வாயு புகுந்தால் அந்தத் துளைகளால் இறங்கி, போல்ட் ஓடுகிற இடதுபக்கக் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) போய்விடும். அந்தக் காடி வழியே பின்னால் வந்தாலும் போல்ட்டின் வால்பக்கத்தில் அகலமான விளிம்பு ஒன்று குறுக்கே நிற்கிறது, அதில் பட்டு முகத்தை விட்டுப் பக்கவாட்டில் திரும்பிவிடும். இவ்வளவையும் யோசித்த அவரே 1901இல் தானாகத் தோட்டா ஏற்றும் இன்னொரு ரைபிளைச் சோதிக்கும்போது ஒரு கண்ணை இழந்தார்.

பலவீனம் பற்றிக் கேட்டாய். பாரம் முழுவதும் ஏறும் தோட்டா அறையின் சுவரில் யாரும் ஓட்டை போடுவதில்லை. கோது சரியாக இருந்தால் வாயு வந்தே சேராத இடங்களில்தான் அது இருக்கும். நீ மில்லில் இருப்பவன், நெல் அவிக்கிற பொயிலரைப் பார். சேஃப்டி வால்வு இருப்பதால் பொயிலர் பலவீனம் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் வால்வு மட்டும் போதாது, அதிலிருந்து வரும் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடவேண்டும், ஆள் நடமாடும் பக்கம் திருப்பி வைத்தால் அதுவே ஆளை அவித்துவிடும். துவக்கிலும் திசைதான் முக்கியம்.

ஆள் நான்கு பக்கமும் அடைபட்டு உள்ளே இருக்கும் இடத்தில் இது இன்னும் கடுமை. 1924 ஜூன் 12ஆம் தேதி அமெரிக்காவின் மிசிசிப்பி என்ற போர்க்கப்பலில், பீரங்கிக் கூண்டுக்குள் வெடிமருந்து தீப்பற்றி 48 பேர் செத்தார்கள். சுட்டபின் குழலில் தங்கும் வாயு காற்றுப் பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும், அதனால்தான் கப்பல் பீரங்கிகளில் அழுத்தக் காற்றை அடித்து முன்பக்கமாகத் துரத்துகிறார்கள். நம் சனங்கள் வீதியால் போக வரக் கண்ட டாங்கிகளின் குழலில் ஓரிடம் உருளையாகத் தடித்திருக்குமே, அதுவும் இதற்குத்தான். குண்டு கடக்கும்போது கொஞ்சம் வாயு சாய்வான துளைகளால் அந்த உருளைக்குள் ஏறிக்கொள்ளும், குண்டு வெளியே போய்க் குழலில் அழுத்தம் விழுந்ததும் அது முன்னோக்கிப் பீறிட்டு, மிச்சப் புகையையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். இல்லாவிட்டால் அடைப்பைத் திறந்த உடனே நச்சுப்புகை முழுக்க உள்ளே இருப்பவர்களின் மூச்சில்தான். அந்த டாங்கிகள் நமக்கு என்ன செய்தன என்பது வேறு கதை. உள்ளே இருந்தவனுக்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அந்த யோசனை நம் பக்கத்துக் கள்ளத்துவக்குகளில் துளியும் இல்லை. தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்வதில் வாயு எந்தப் பக்கம் வரும் என்று செய்தவனுக்கே தெரியாது, பின்பக்க அடைப்புப் பிய்த்துக்கொண்டு வந்தால் சுட்டவனின் முகத்துக்குத்தான். பன்றிக்குக் கட்டுகிற, கம்பியில் கால் பட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கோ விறகுக்குப் போனவளின் காலைப் பறிக்கிறது. மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறைக் காட்டோரங்களிலும் யானையும் பன்றியும் ஒரு போகத்தை ஒரே இரவில் முடித்துவிடும், அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் யாராவது அதைச் செய்துதருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி மாமாவின் துவக்கு. பன்னிரண்டு போரில் அழுத்தம் ரைபிளின் கால்வாசி அளவுதான், அதனால் குழலும் மெல்லியது. அதில் நீ பார்த்தமாதிரி ஓட்டை இருக்காது, தேடவும் வேண்டாம். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். குழலே அடைத்திருந்தால் எந்த ஓட்டையும் காப்பாற்றாது. வரம்பில் வழுக்கி விழுந்து குழல்வாயில் சேறு அடைத்தபடி சுட்டால் குழல் பிளந்துவிடும், முன்கையைத் தாங்கிய விரல்கள்தான் போகும். விழுந்து எழும்பினால் முதலில் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்க்கச் சொல். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடவேண்டாம், தோட்டாவின் அடைப்பு உள்ளே தங்கியிருக்கலாம். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே மடித்துத் திறக்காமல், ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது பிடித்திருக்கவேண்டும், மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. ஈரத்தில் ஊறி உப்பிய தோட்டாவை வெயிலில் காயவைத்துப் போடுகிற பழக்கம் இருந்தால் அதை விடச் சொல். மூட்டில் ஆட்டம் இருந்தாலோ, கோதின் அடியில் ஊசி பட்ட இடம் கறுத்துப் புகை படிந்திருந்தாலோ, திருத்தத் தெரிந்தவரிடம் காட்டும்வரை அது சுவரிலேயே இருக்கட்டும். கண்ணைக் காக்கும் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு சுடுவது இன்னும் நல்லது, மாமா சிரிப்பார், பரவாயில்லை, வாங்கிக் கொடு.