திரையும் ஒலியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிக்குக் கோலம் ஒன்று புள்ளியில் தொடங்கி இழை முடியும்வரை தானாக வரைந்துகொள்வதுபோல வலைப்பக்கத்துக்கு அனிமேஷன் செய்திருக்கிறேன். பின்னணிக்கு என் அத்தை தம்புரா மீட்டியதைப் போனில் பதிவு செய்து, எம்பி3 ஆக்கி, லூப் போட்டேன். மறுபடி தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு 'டிக்', கூடவே ஒரு சின்ன வெற்றிடம். எத்தனை தடவை வெட்டிப் பார்த்தாலும் போகவில்லை. (வாசகி, கும்பகோணம்)

பதில்: கடையில் கிடைக்கும் ஒலியை எடுக்காமல் அத்தையின் தம்புராவைப் பதிவு செய்தீர்களே, அதற்காகவே உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. 'டிக்' வெட்டிய இடத்தால் வருவது. வெற்றிடம் எம்பி3யால் வருவது. ஒன்று சரியானாலும் மற்றது இருப்பதால், எதுவுமே மாறாததுபோல் தோன்றியிருக்கும்.

முதலில் வெட்டு. தம்புராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தியும் சேர்ந்தால் ஒரு சுற்று. ஒன்றின் ஒலி அடங்குவதற்குள் அடுத்ததை மீட்டிவிடுகிறோம். அதனால் எந்த நொடியை எடுத்தாலும் முந்தைய தந்தியின் ரீங்காரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பதிவின் முதல் மீட்டலிலிருந்தே லூப்பைத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த முதல் பஞ்சமத்துக்கு முன்னால் ரீங்காரமே கிடையாது, வெறும் அறையின் அமைதிதான். லூப் முடியும் இடத்திலோ நான்கு தந்தியும் முழங்குகின்றன. நிறைவிலிருந்து வெறுமைக்குத் தாவினால் காது கண்டுபிடித்துவிடும்.

எனவே முதல் இரண்டு சுற்றை விட்டுவிடுங்கள். மூன்றாவது சுற்றின் பஞ்சமம் விழுவதற்குச் சற்று முன்னால் தொடங்கி, ஏழாவது சுற்றின் பஞ்சமத்துக்கு அதே அளவு முன்னால் முடியுங்கள். நான்கு சுற்று கிடைக்கும். தொடக்கத்திலும் மந்தரத்தின் ரீங்காரம், முடிவிலும் மந்தரத்தின் ரீங்காரம். அப்புறம் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில்தான் வெட்டு விழ வேண்டும். பகுதியைத் தேர்ந்தெடுத்து 'இசட்' விசையைத் தட்டினால் இரண்டு ஓரமும் அருகிலுள்ள அப்படிப்பட்ட இடத்துக்கு நகரும். 'டிக்' இத்தோடு போய்விடும்.

அடுத்தது வெற்றிடம். எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளி) கொண்ட துண்டுகளாகத்தான் கட்டும். கடைசித் துண்டு நிறையாவிட்டால் மௌனத்தைப் போட்டு நிரப்பும், முன்பக்கமும் கொஞ்சம் மௌனம் சேரும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்றால் ஒரு துண்டு சுமார் 26 மில்லி நொடி. பேச்சில் இது தெரியாது. தம்புராவில் துணி கிழிந்ததுபோல் தெரியும். நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் வெட்டிய பிறகு சேரும் மௌனம் இது. ஆகவே இப்படி மௌனம் சேர்க்காத வேவ் கோப்பாக எடுங்கள். மோனோ (ஒற்றைத் தடம்), 16 பிட் என்றால் 16 நொடிக்கு சுமார் 1.4 எம்பி வரும், தாங்கலாம்.

பக்கத்தில் சேர்க்கும்போது ஆடியோ டேகின் லூப்பை நம்ப வேண்டாம். சில பிரவுசர்களில் அது திரும்பத் தொடங்க ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. பிரவுசரிலேயே ஒலியைக் கையாளும் வசதியான வெப் ஆடியோ ஏபிஐயில், ஒலியைப் பஃபராக (நினைவகத்தில்) ஏற்றி லூப் செய்தால் கடைசி சாம்பிளும் முதல் சாம்பிளும் ஒட்டி ஓடும்.

இன்னொன்று. கோலம் முடிந்து மறுபடி முதல் புள்ளிக்கு வரும்போது ஒலியையும் மறுபடி தொடங்கிவிடாதீர்கள். வலைப்பக்க அனிமேஷனுக்கு ஃப்ளாஷ் மென்பொருள் இருந்த காலத்தில் ஒரு கல்யாண அழைப்பிதழுக்கு நாதஸ்வர லூப் சேர்த்தேன். ஒலியை 'ஈவென்ட்' என்ற வகையில் வைத்திருந்தேன். அந்த வகை ஒலி, படம் ஓடும் டைம்லைனைப் பொருட்படுத்தாமல் தன் பாட்டுக்கு ஓடும். படம் முதல் பிரேமுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பழைய நாதஸ்வரம் நிற்காமல் புதியது அதன்மேல் ஏறியது. பெண்ணின் அப்பா பிரவுசிங் சென்டரில் திறந்து பார்த்தபோது இரண்டே நிமிடத்தில் இரைச்சலாகிவிட்டது. மகள் கல்யாணச் செய்தி, பாவம், அவர் முகம் வாடியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. 'ஈவென்ட்' என்ற அந்த ஒரு சொல்லை 'ஸ்டார்ட்' என்று மாற்றியிருந்தால் போதும். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது, ஆனால் இந்தத் தவறு ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படியே நடக்கும். ஒலியை ஒரே ஒரு முறை தொடங்குங்கள், கோலம் எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றட்டும்.

கேள்வி: என் அனிமேஷன் பக்கத்தைத் திறந்தால் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. பக்கத்தில் எங்காவது தொட்டால்கூட வரவில்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: கோளாறு இல்லை, பிரவுசர் வேண்டுமென்றே தடுக்கிறது. பார்ப்பவர் தொடாமல் ஒலி தொடங்கக் கூடாது என்ற விதியை குரோம் 2018இல் கொண்டுவந்தது. மற்ற பிரவுசர்களிலும் இதுபோன்ற தடை உண்டு. இரவில் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பவரை நினைத்தால் இது நல்ல விதி என்பேன். வெப் ஆடியோ என்றால், ஒலியை இயக்கும் ஆடியோ கான்டெக்ஸ்ட் நின்ற நிலையிலேயே இருக்கும். தொட்டால் நடக்கும் செயலுக்குள் 'ரெஸ்யூம்' கட்டளையை எழுத வேண்டும், உங்கள் பக்கத்தில் அதுதான் விட்டுப்போயிருக்கும். ஒலியை நிறுத்தும் பொத்தானும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். கும்பகோணம் வாசகிக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முதல் புள்ளியைப் பார்ப்பவரே தொட்டு வைக்கும்படி செய்யுங்கள். அந்தத் தொடுதலில் தம்புராவும் தொடங்கட்டும்.

கேள்வி: எங்கள் இனிப்புக் கடையின் பக்கத்துக்கு ஒரு சினிமாப் பாட்டின் பத்து நொடி இசையை லூப் போடலாமா? பத்து நொடிக்குள் என்றால் பரவாயில்லை என்கிறார்கள். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அப்படி ஒரு விதி கிடையாது. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. ஒலிகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் சிசி0 உரிமத்தில் (பதிவு செய்தவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்தது) இருப்பதை எடுக்கலாம். வணிகத்துக்கு அனுமதியில்லை என்று குறித்திருப்பதை உங்கள் கடைக்கு எடுக்க முடியாது. நானாக இருந்தால், விடியற்காலையில் உங்கள் அடுப்படிக்கே போய், ஜாங்கிரி பிழியும்போது எண்ணெய் பொரியும் ஒலியைப் பதிவு செய்வேன். போனைச் சட்டியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் பிடியுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.