பட்டன் ஏன் நடுவுக்கு வரவில்லை?

கேள்வி: பத்தமடைப் பாய் விற்க ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறேன். செங்குத்தான லீனியர் லேஅவுட்டில் (உறுப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும் அமைப்பு) நிரல் மூலமே பட்டனைச் சேர்த்து, செட் கிராவிட்டி என்ற கட்டளையில் சென்டர் (நடு) கொடுத்தும் இடது ஓரத்திலேயே நிற்கிறதே? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: செட் கிராவிட்டி பட்டனுக்குள் இருக்கும் எழுத்தைத்தான் நகர்த்தும், பட்டனை அல்ல. பலரும் தடுக்கி விழும் இடம் இது. பட்டன் எங்கே நிற்கும் என்பது அதைத் தாங்கும் லேஅவுட்டின் கையில், அதனால் லீனியர் லேஅவுட்டுக்குரிய லேஅவுட் பாராம்ஸ் (அளவும் இடமும் சொல்லும் குறிப்பு) ஒன்றை உருவாக்கி, அகலத்துக்கு ராப் கன்டென்ட் (உள்ளடக்கம் அளவே) வைத்து, அதன் கிராவிட்டியில் சென்டர் ஹாரிசான்டல் (கிடைமட்டத்தில் நடு) கொடுத்து, அப்புறம் செட் லேஅவுட் பாராம்ஸ் மூலம் பட்டனில் மாட்டுங்கள். அகலம் மேட்ச் பேரன்ட் (தாங்கும் லேஅவுட்டின் முழு அகலம்) என்றால் நகர இடமே இருக்காது. செங்குத்து லேஅவுட்டில் பட்டனுக்குத் தரும் மேல், கீழ் கிராவிட்டி எடுபடாது, அதை லேஅவுட்டிடமே சொல்லுங்கள். இடது ஓரம் வேண்டுமென்றால் லெஃப்ட் வேண்டாம், ஸ்டார்ட் எழுதுங்கள்; நாளை வலமிருந்து இடமாக எழுதும் அரபு மொழி சேர்த்தால், மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அமைப்புக் கோப்பு) அந்தத் திசைக்கு அனுமதி இருந்தால், தானே வலப்பக்கம் மாறிக்கொள்ளும்.