மகனுக்காக டிரஸ்ட்: எல்லாப் பொறுப்பையும் மகளிடமே கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். எனக்கு 63 வயது, ஓய்வு பெற்றுவிட்டேன். மகனுக்கு 24 வயது, ஆட்டிசம் உள்ளவன். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சொந்த வீடும் 60 லட்ச ரூபாய் டெபாசிட்டும் இருக்கின்றன. மகனுக்காக டிரஸ்ட் ஏற்படுத்தச் சொல்கிறார்கள். உயில் மட்டும் போதாதா? மகளையே எல்லாவற்றுக்கும் பொறுப்பாகப் போடலாமா?

பதில்: உயில் எழுதினால் சொத்து மகன் பெயருக்கு வந்துவிடும். அப்புறம் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அதை நிர்வகிப்பது யார்? தனியார் டிரஸ்ட் தேவைப்படுவது அங்கேதான். 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி, நீங்கள் சொத்தைக் கொடுப்பவர். அது டிரஸ்டிகள், அதாவது அதை நிர்வகிப்பவர்கள், பெயரில் இருக்கும். பலன் பயனாளியான மகனுக்கு. டிரஸ்டி அதை வைத்துத் தனக்கு லாபம் பார்க்கக் கூடாது. டிரஸ்ட் பத்திரத்தில் எழுதியிருந்தால் ஒழிய, சம்பளமும் கேட்க முடியாது.

இனி மகள் விஷயம். மகன் காலத்துக்குப் பிறகு மிச்சம் மகளுக்கு என்றுதான் பத்திரத்தில் எழுதப்போகிறீர்கள். அவரே ஒரே டிரஸ்டியாகவும் இருந்தால், தம்பிக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் அவருக்கு வரவேண்டியதில் குறையும். உங்கள் மகளைச் சந்தேகப்படவில்லை. ஆனால் இந்தப் பத்திரம் நாற்பது வருடம் ஓட வேண்டியது. அதற்குள் அவர் வீட்டிலும் கடன், கல்யாணச் செலவு என்று எவ்வளவோ வரும். அதனால் மூன்று பேரைப் போடுங்கள்: மகள், உங்களைவிட வயதில் இளைய உறவினர் ஒருவர், குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆடிட்டர். பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். ஒருவர் வெளிநாடு போனாலும் மாதச் செலவு நின்றுவிடும். பெரும்பான்மை முடிவு போதும் என்றும், ஒருவர் விலகினால் அடுத்தவரை யார் நியமிப்பது என்றும் எழுதிவிடுங்கள்.

பணத்தைப் பார்ப்பவர் டிரஸ்டி, ஆளைப் பார்ப்பவர் பாதுகாவலர். 18 வயது முடிந்தபின் பெற்றோர் தானாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசத்துக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழு அந்த நியமனத்தைத் தருகிறது. இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் வேலை இதுதான். பாதுகாவலரும் டிரஸ்டியும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. ஸ்பீச் தெரபி பில்லை ஒருவர் அனுப்பி இன்னொருவர் பணம் கொடுத்தால், இருவர் கண்ணும் கணக்கில் படும்.

வீட்டை இப்போதே டிரஸ்டுக்கு மாற்றினால் பத்திரப்பதிவும் முத்திரைத்தாள் செலவும் உண்டு. சிறு தொகையில் டிரஸ்டைத் தொடங்கி, வீடும் டெபாசிட்டும் உங்களுக்குப் பிறகு அதற்குப் போகும்படி கணவன் மனைவி இருவரும் உயில் எழுதலாம். டெபாசிட்டின் நாமினி பணத்தை வாங்கித் தருபவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல. வரிக்காக, மகனின் பங்கைப் பத்திரத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகள் விருப்பத்துக்கு விட்டால், பெரும்பாலும் உச்ச விகிதத்தில் வரி விழும்.

மகளிடமும் மற்ற இருவரிடமும் முதலில் வாய்விட்டுக் கேளுங்கள். டிரஸ்டி ஆகச் சொல்லி யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவர்கள் சரி என்ற பிறகு வழக்கறிஞரிடம் போகலாம்.